செவ்வாய்க்கிழமைக்காரன்

லாபிஸ் ஆலையில் கொதிகலன் பார்க்கிறவன் நான்.
கம்பெனி அனுப்பி
ஏழு வாரம் கானாவில் இருந்துவிட்டு வந்தேன்.
தக்கோராடிக்கு உள்ளே, செம்மண் சாலை முடிகிற இடத்தில்
ஒரு பழைய ஆலை. ஒரு வால்வு விடாமல் கசிந்தது.

"என்ன கொண்டுவந்தே?" என்றார்
எடைமேடைக் கிராணி வீரபத்திரன்.
சாக்லெட்டை நீட்டினேன். வெயிலில் உருகி, மறுபடி இறுகி
கோணிக்கொண்டிருந்தது.
மற்றதை எப்படி நீட்டுவது?

அங்கே காலையில் ஒருவரைக் கடந்துபோகப்
பத்து நிமிடம் வேண்டும்.
தூங்கினாயா, வீடு எப்படி,
நேற்று இருமினானே இரண்டாவது பையன், அவன் எப்படி,
எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டுதான்
ஸ்பேனரைத் தொடுவார் அமிசா.

முதல் வாரம் கடிகாரத்தைப் பார்த்தேன்.
இரண்டாம் வாரம் பொய் சொன்னேன்: எல்லாரும் சுகம்.
மூன்றாம் வாரம், ஏனென்று தெரியவில்லை,
தம்பியோடு பேசி நாலு வருஷமாயிற்று என்று
கொதிகலன் மூடியைப் பிடித்தபடி சொல்லிவிட்டேன்.
அமிசா ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் கேட்டார்: தம்பி எப்படி?
அதற்கடுத்த நாளும் கேட்டார்.

தேவர்கள் என்று சொல்லவரவில்லை.
சந்தையில் என்னிடம் இரட்டை விலை வாங்கினார்கள்,
கண்டுபிடித்தபோது விழுந்து விழுந்து சிரித்து
இரண்டு மாம்பழம் கூடப் போட்டார்கள்,
காசைத் திருப்பவில்லை.
ஒன்பது மணி என்றால் பத்தரை.
எங்கும் சண்டைபோலக் கேட்டது;
பாதி சண்டைதான், பாதி நலம் விசாரிப்பு.
இடக்கை நீட்டினால் முகம் சுளித்தார்கள்.
அது மட்டும் எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

சோற்றுக் கிண்ணத்தைத் திறந்தவர்
எதிரே யார் வந்தாலும், "வா, இதில் நீயும்."
வாய்வார்த்தையா என்று பார்க்க ஒருநாள் உட்கார்ந்துவிட்டேன்.
எஃபுவா மீனின் நடுத்துண்டை என் பக்கம் தள்ளினாள்.
குழம்பு சிவப்பு. செம்பனைப் பழத்தை இடித்துப் பிழிந்தது.
இருபத்தாறு வருஷம் டன் கணக்கில் அதை வேகவைத்தவன்
முதன்முதலாக நாக்கில் வைத்தேன்.

"உங்கள் ஊரில் இந்த மரம் உண்டா?"
கண்ணுக்கெட்டியவரை வேறு மரமே இல்லை என்றேன்.
"எங்கள் பிள்ளை அது. நன்றாக வைத்திருக்கிறீர்களா?"
குலை குறைந்த மரத்துக்குத்
துளைபோட்டு விஷம் ஊற்றுகிறதை
அவளிடம் சொல்லவில்லை.

பிறந்த கிழமை கேட்டார்கள். செவ்வாய்.
செவ்வாய் வெறுவாய் என்பார் என் அப்பா,
சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்.
பட்டறையே கைதட்டியது: கொபினா!
அமிசாவும் செவ்வாய். வாசல் காவல்காரரும் செவ்வாய்.
கைகுலுக்கி, விரலோடு விரல் சொடுக்கி,
ஆளுக்கொரு அண்ணனானார்கள்.

திரும்பிய திங்களன்று வீரபத்திரனிடம் ஆரம்பித்தேன்.
தூங்கினீங்களா? வீட்டில் எப்படி?
மூத்தவளின் மாமியார் எப்படி?
அவர் மேசை இழுப்பறையைப் பூட்டினார்.
"கடன்னா நேரா கேளு, தனபாலா. மாசக் கடைசி."
ஒட்டுக்கடையிலும் கேட்டுப் பார்த்தேன்.
தே தாரிக்கைப் பாதியில் ஆற்றுவதை நிறுத்தி
"பிரஷர் மாத்திரை போட்டீங்களாண்ணே?" என்றான்.
விட்டுவிட்டேன்.

நேற்று மழை. குலை லாரிகள் ரயில் கேட் வரை நின்றன.
பொட்டலத்தைப் பிரித்தேன்.
ஷொஹாக் கடந்துபோனான், வழக்கம்போல் தரையைப் பார்த்து.
பழைய லயத்தில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள்.
இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன்;
பெயரைச் சட்டையில் படித்ததோடு சரி.
"மாரி, மாக்கான்" என்றேன்.
எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

நின்றான். கைகழுவி வந்தான்.
பெஞ்சில் உட்காரவில்லை, கவிழ்த்த எண்ணெய் டின்னில்.
தூங்கினாயா? வீடு எப்படி?
தெரிந்த மலாயில் தொடங்கினான்:
ஆறு ஏறி அடுப்படிவரை வந்தது,
தங்கைக்குப் பரீட்சை, மாட்டில் ஒன்று விற்றாயிற்று,
மற்றொன்று
அதைச் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது.
நெத்திலிச் சம்பலை அவன் பக்கம் தள்ளினேன்.

மென்று விழுங்கிவிட்டுக் கேட்டான்:
"அண்ணனுக்குக் கூடப்பிறந்தவர்?"
ஒருவன். சிகாமட்டில். ரயிலில் அரைமணி.
"எப்படி இருக்கிறார்?"

ஆலைச் சங்கு ஊதிவிட்டது.
வாயில் சோறு இருந்தது, நல்லவேளை.